மந்தக் காலத்தில் அரசு எப்படிச் செலவழிக்க வேண்டும்? நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மறுபடியும் நீயே கைப்பட எழுத ஆரம்பித்துவிட்டாய் என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி. மகள் நிதித்துறையில் வேலைக்குச் சேர்ந்ததும் நல்ல செய்தி. இங்கே எல்லோரும் நலம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். தொழில் படுத்து வரி வருமானமும் குறையும் நேரத்தில் அரசு கடன் வாங்கிச் செலவழிப்பது நியாயமா என்று கேட்டிருக்கிறாய். அப்படியே செலவழித்தாலும், கையில் காசு கொடுப்பதைவிடப் பாலமும் சாலையும் கட்டினால் நாலு காலம் நிற்குமே என்றும் எழுதியிருக்கிறாய். முதல் கேள்விக்குப் பதில் சுருக்கம்தான். ஒருவர் செலவுதான் இன்னொருவர் சம்பளம். எல்லோரும் ஒரே நேரத்தில் கையை இறுக்கினால் எல்லோருடைய வருமானமும் சேர்ந்து விழும். அப்போது துணிந்து செலவழிக்கக்கூடியது அரசு ஒன்றுதான். இரண்டாவது விஷயத்தில்தான் நமக்குள் வழக்கு.

பாலம் கட்ட வரைபடம் வேண்டும், நிலம் வேண்டும், டெண்டர் விட வேண்டும். மந்தம் வந்த பிறகு உட்கார்ந்து திட்டம் போட்டால், முதல் கூலி கைக்கு வருவதற்குள் வேலை போனவன் சேமிப்பைத் தின்று தீர்த்திருப்பான். அமெரிக்கா 2009 பிப்ரவரியில் 787 பில்லியன் டாலர் திட்டத்தைச் சட்டமாக்கியபோது, உடனே ஆரம்பிக்கத் தயாராக இருக்கும் கட்டுமானப் பணிகள் என்று நிறையப் பேசினார்கள். மறு வருடமே, அப்படி ஒன்றும் உண்மையில் கிடையாது என்று ஒபாமாவே சொன்னார்.

ஆஸ்திரேலியாவைப் பார். 2008-ல் உலக நெருக்கடி வந்ததும், அங்கே நிதித்துறைச் செயலராக இருந்த கென் ஹென்றியின் யோசனை: சீக்கிரம் செய்யுங்கள், பலமாகச் செய்யுங்கள், குடும்பங்களுக்குக் கொடுங்கள். அந்த டிசம்பரிலேயே ஓய்வூதியக்காரர்களுக்கும் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கும் பணம் போய்ச் சேர்ந்தது. யாருக்கு அனுப்புவது என்ற பட்டியலும் கணக்கு எண்ணும் அரசிடம் ஏற்கெனவே இருந்தன. சீனா அங்கிருந்து தாது வாங்கியதும் கைகொடுத்தது என்பது உண்மைதான். ஆனாலும் மந்தத்தில் விழாமல் தப்பிய வளர்ந்த நாடுகள் மிகச் சில, அவற்றில் அது ஒன்று.

அதே அரசு, அதே வேகத்தில், வீட்டுக் கூரைகளுக்குள் வெப்பத்தடுப்புப் பொருத்தும் திட்டத்தையும் கொண்டுவந்தது. வேலைவாய்ப்பும் பெருகும், மின்சாரமும் மிச்சமாகும் என்பது எண்ணம். மானியத்துக்காகப் புதுப்புது ஒப்பந்தக்காரர்கள் முளைத்தார்கள். சரியான பயிற்சி இல்லாத இளைஞர்கள் மின்கம்பி ஓடும் கூரைக்குள் ஏறினார்கள். மூன்று பேர் மின்சாரம் தாக்கியும் ஒருவர் வெப்பம் தாங்காமலும் இறந்தார்கள். 2010 பிப்ரவரியில் திட்டத்தை நிறுத்தினார்கள். பின்னால் அரச விசாரணை ஆணையமே அமைக்க வேண்டி வந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனது கனத்துப்போகிறது. காசோலையை அவசரமாக அனுப்பலாம், அதனால் யாரும் சாக மாட்டார்கள். ஆளைக் கூரைமேல் ஏற்றும் வேலையை அப்படி அவசரப்படுத்தக் கூடாது. மந்தக் காலத்தில் கட்டுமானம் வேண்டும் என்றால், ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் பராமரிப்பு, பழுதுபார்ப்பு வேலைகளைக் கூட்டுவதே சரி என்பேன்.

எந்தச் செலவு வீண் என்பதற்கும் ஒரு உதாரணம். 2009 கோடையில் அமெரிக்காவில் பழைய காரைக் கொடுத்துப் புதுசு வாங்கினால் 4,500 டாலர் வரை தந்தார்கள். வந்த பழைய காரின் எஞ்சினிலிருந்து எண்ணெயை வடித்துவிட்டு, சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி, எஞ்சின் இறுகி நிற்கும்வரை ஓட்ட வேண்டும் என்பது விதி. 3 பில்லியன் டாலர் சில வாரங்களில் தீர்ந்தது. எப்படியும் சில மாதம் கழித்து வாங்கப்போகிறவர்கள்தான் முன்கூட்டி வாங்கினார்கள் என்று ஆய்வாளர்கள் பிறகு கண்டார்கள். ஓடிக்கொண்டிருந்த வண்டிகளையும் பாழாக்கியதுதான் மிச்சம்.

ஜெர்மனி செய்தது எனக்குப் பிடித்த வழி. ஆர்டர் குறைந்தால் ஆளை அனுப்பாமல் வேலை நேரத்தைக் குறைப்பார்கள். அதனால் இழந்த நிகரச் சம்பளத்தில் 60 சதவீதத்தை, பிள்ளை உள்ளவர்களுக்கு 67 சதவீதத்தை, அரசின் வேலைவாய்ப்பு முகமை தரும். 2009-ல் பொருளாதாரம் 5 சதவீதம் அளவுக்குச் சுருங்கியும் வேலையின்மை பெரிதாக ஏறவில்லை. ஆர்டர் திரும்பியபோது தேர்ந்த கைகள் அதே இயந்திரத்தின் முன்னால் இருந்தன. இந்த ஏற்பாடு நெருக்கடிக்காகப் புதிதாக யோசித்ததல்ல. பல காலமாகச் சட்டத்தில் இருந்தது, தேவைப்பட்டபோது விரித்துக்கொண்டார்கள்.

நான் பிடிவாதமாகச் சொல்வதும் இதுதான்: ஏற்பாடு முன்பே இருக்க வேண்டும். 2019-ல் அமெரிக்கப் பொருளியலாளர் கிளாடியா சாம் சொன்ன யோசனை எனக்கு உடன்பாடு. வேலையின்மை விகிதத்தின் மூன்று மாத சராசரி, முந்தைய ஓராண்டின் குறைந்த அளவைவிட அரை சதவீதப் புள்ளி ஏறினால், யாரும் கூடிப் பேசக் காத்திராமல் பணம் தானாகப் போக வேண்டும். நிறுத்துவதற்கும் இப்படி ஓர் அளவுகோல் வேண்டும். 1937-ல் அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் அரசு அவசரப்பட்டுச் செலவைக் குறைத்தது, மத்திய வங்கியும் இறுக்கியது. மீண்டுகொண்டிருந்த நாடு மறுபடி விழுந்தது. தாமதமாக நிறுத்தினாலோ விலைவாசி ஏறி, கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொள்ளும்.

கடன் எவ்வளவு வரை தாங்கும் என்ற உன் சந்தேகத்தை நான் ஒதுக்கவில்லை. சொந்த நாணயத்தில் கடன் வாங்கும் நாட்டுக்கு ஒரு கணக்கு, டாலரில் வாங்கும் நாட்டுக்கு வேறு கணக்கு. அதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். அதற்குள் மகளிடம் ஒன்று கேட்டு எழுது: நாளைக்கே பணம் அனுப்ப வேண்டும் என்றால் யார் யாருக்கு என்ற பட்டியல் அவர்கள் துறையில் இருக்கிறதா, அதைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள்? அப்புறம், கண்ணுக்கு மருந்து விடுவதை நிறுத்திவிடாதே.

அன்புடன்,
உன் பழைய நண்பன்