திருமணமாகாத மகளின் பங்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருமணம் செய்துகொள்ளாமல் தனித்து வாழும் பெண்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். வாடகை வீட்டுக்கான அலைச்சலையும் அக்கம்பக்கத்தாரின் விசாரிப்புகளையும் கட்டுரையாளர் பொறுப்போடு எழுதியிருக்கிறார். ஆனால், அப்பெண்களுக்குப் பிறந்த வீட்டில் உள்ள சொத்துரிமை பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. குமரி மாவட்டத்தைப் பொறுத்தவரை முதலில் பேச வேண்டியது அதுதான் என்பது என் எண்ணம்.

எங்கள் மாவட்டத்துப் பெண்களுக்குப் படிப்பும் வேலையும் புதியவை அல்ல. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டின் முதல் மாவட்டம் இதுதான். செவிலியராகவோ ஆசிரியராகவோ வெளியூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய், தம்பியின் படிப்பையும் தங்கையின் நகையையும் வீட்டின் மாடியையும் தம் சம்பளத்தில் முடித்துக்கொடுத்த அக்காமார் இல்லாத ஊர் இங்கே குறைவு. அவர்களில் சிலர் நாற்பதைக் கடந்து, இனித் திருமணம் வேண்டாம் என்ற முடிவோடு ஊர் திரும்பும்போது, தாம் பணம் அனுப்பிக் கட்டிய வீட்டிலேயே ஓர் அறைக்காக அண்ணனின் முகத்தையும் மைனியின் முகத்தையும் பார்த்து நிற்க வேண்டியிருக்கிறது.

மகளின் பங்கைச் சீதனத்தோடு தீர்த்துவிடும் பழைய வழக்கமே இதற்குக் காரணம். நகையோ பணமோ பத்து சென்ட் தென்னை விளையோ, எதுவானாலும் கல்யாணத்தில் கொடுத்து முடித்துவிடுவார்கள். கல்யாணமே நடக்காதவளுக்குச் சீதனமும் இல்லை, பங்கும் இல்லை. 'உனக்கென்ன, பிள்ளையா குட்டியா?' என்ற கேள்வி மட்டும் கிடைக்கும்.

இந்த வழக்கத்துக்கு ஒரு காலத்தில் சட்டமே துணை நின்றது. குமரி திருவிதாங்கூரோடு இருந்த நாளில், 1916-ல் வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், தந்தை உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கு மகனின் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுதான் என்று வைத்திருந்தது. கணவரைப் பிரிந்து குழந்தைகளோடு ஊட்டியில் தந்தையின் வீட்டில் தங்கியிருந்த, கேரளச் சிரியன் கிறிஸ்தவப் பெண்ணான மேரி ராயை அங்கிருந்து வெளியேற்ற அவருடைய உடன்பிறந்தவரே முயன்றார். பின்னர் மேரி ராய் தொடுத்த வழக்கில், அச்சட்டம் 1951-லேயே காலாவதியாகிவிட்டது என்றும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கே என்றும் 1986-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்துக் குடும்பங்களில், தந்தையின் தனிச் சொத்தில் 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டம் முதலே மகளுக்குச் சம உரிமை உண்டு. கூட்டுக் குடும்பச் சொத்திலும் மகளைப் பங்காளியாக்கித் அச்சட்டத்தில் தமிழ்நாடு அரசு 1989-ல் கொண்டுவந்த திருத்தம், அதற்கு முன்பே மணமாகிப் போன மகள்களை விலக்கியது. திருமணமாகாத மகளுக்கோ முழு உரிமை கொடுத்தது. அந்த மகளைத்தான் இன்று பல வீடுகளில் கணக்கில் சேர்ப்பதில்லை.

சேர்க்காமல் விடும் முறையும் எல்லோருக்கும் தெரிந்ததே. தந்தையின் காரியங்கள் முடிந்த கையோடு, 'பட்டா மாற்ற வேண்டும்', 'வங்கியில் கடன் கேட்டிருக்கிறோம்' என்று சொல்லிப் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப்போய், தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அப்பா அம்மாவைக் கடைசிவரை படுக்கையில் பார்த்துக்கொண்டவளும் அவளாகவே இருப்பாள். அப்படிப் பதிந்த பத்திரத்தை, ஏமாற்றியோ மிரட்டியோ எழுதி வாங்கினார்கள் என்று நீதிமன்றத்தில் மெய்ப்பித்தாலொழியப் பிறகு மாற்றுவது அரிது. பங்கு கேட்டால் உறவு முறிந்துபோகும் என்ற அச்சம் பொய்யானதல்ல. அப்படி முறிந்த குடும்பங்களை நானும் அறிவேன். ஆயினும் வீட்டைப் பிரிக்க வழியில்லாத இடத்தில், ஆயுள் முழுவதும் மாடியிலோ ஓர் அறையிலோ குடியிருக்கும் உரிமையையாவது பத்திரத்தில் எழுதிப் பதிவு செய்துகொள்ளலாமே! வாய்ச்சொல்லை நம்பி இருந்துவிட்டு, அண்ணன் காலமான பிறகு அவருடைய பிள்ளைகளிடம் இடம் கேட்டு நிற்பது எளிதல்ல.

சொந்தச் சம்பாத்தியத்தில் வீடு வாங்கியவர்களும் உயிலை மறந்துவிடக் கூடாது. திருமணமாகாத இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவள் சொத்து பெற்றோருக்கும், பெற்றோர் இல்லாவிட்டால் தந்தையின் வாரிசுகளுக்கும் போகும். அருகில் இருந்து பார்த்துக்கொண்ட தோழிக்கு ஒரு செங்கல்லும் வராது. உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகளின் கையெழுத்தையும் பெற்றால் போதும். சொத்தைப் பெறப்போகிறவரையே சாட்சியாக்கிவிடக் கூடாது.

ஆகவே, தங்கள் மகளிர் பக்கத்தில் வாரிசுரிமைச் சட்டங்களை எளிய தமிழில் விளக்கும் ஒரு தொடரை, எங்கள் மாவட்டத்தின் சீதன வழக்கத்தையும் கணக்கில் கொண்டு, ஒரு வழக்கறிஞரைக் கொண்டு எழுதச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். 1987 சட்டப்பணிகள் சட்டத்தின்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு என்பதையும், நாகர்கோவிலில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அதற்காக அணுகலாம் என்பதையும் அத்தொடரில் தவறாமல் குறிப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.