1965ஆம் ஆண்டின் வரியில் எலிங்டன் பெயரை எழுதுங்கள்

நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கூடும் புலிட்சர் பரிசு வாரியத்தின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

சென்னையில் ஒரு மெல்லிசைக் குழுவுக்கு இருபது ஆண்டுகளாக நொட்டேஷன் எழுதி வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்தாறு பிள்ளைகள் இசைக்கோர்ப்பு படிக்க வீட்டுக்கு வருவார்கள். போன வாரம் அவர்களில் ஒருவன், பதினேழு வயது, இசைக்கான உங்கள் பரிசுப் பட்டியலை ஆண்டுவாரியாகப் பார்த்துக்கொண்டு வந்தவன், 1965இல் விரலை நிறுத்தினான். "சார், இந்த ஆண்டு பரிசு யாருக்கும் இல்லை என்று போட்டிருக்கிறதே, அமெரிக்காவில் அப்போது பரிசு வாங்குகிற அளவுக்கு யாருமே இசையமைக்கவில்லையா?" என்று கேட்டான்.

அவனுக்கு நான் சொன்ன பதில் அரை மணி நேரம் நீண்டது. சொல்லி முடித்த பிறகும் மனம் ஆறவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். அந்த ஆண்டு உங்கள் இசை நடுவர்கள் மூவரும், தனிப் படைப்பு எதற்கும் பரிசு தர வேண்டாம், ஜாஸ் இசையமைப்பாளரும் குழுத் தலைவருமான டியூக் எலிங்டனின் வாழ்நாள் பணிக்குச் சிறப்பு விருது கொடுங்கள் என்று பரிந்துரைத்தார்கள். அன்றைய வாரியம் மறுத்தது. நடுவர்களில் வின்த்ராப் சார்ஜென்ட், ரொனால்ட் ஐயர் இருவரும் பதவி விலகினார்கள். எலிங்டனுக்கு அப்போது 66 வயது. விதி தன்மேல் கருணையோடு இருக்கிறது, இத்தனை இளம் வயதில் தனக்குப் பெரும்புகழ் வந்துவிடக் கூடாது என்று அது நினைக்கிறது என்று அவர் சொன்னதை இன்றும் பலர் சிரித்துக்கொண்டே எடுத்துச் சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாழ்நாள் முழுக்க அவமானத்தை நாகரிகமாக விழுங்கப் பழகிய ஒருவரின் பேச்சாகத்தான் அது என் காதில் விழுகிறது.

அந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது என்பதும் தெரிந்த கதைதான். 1927 முதல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இருந்த காட்டன் கிளப் என்ற இரவு விடுதியில் அவர் குழு வாசித்தது. மேடையில் இருந்தவர்கள் கறுப்பர்கள். வாடிக்கையாளர்களாகக் கறுப்பர்களுக்கு அங்கே இடமில்லை. 1930களில் தென் மாநிலங்களுக்குப் போனபோது விடுதிகள் இடம் தரமாட்டா என்பதால் ரயில் பெட்டிகளை வாடகைக்கு எடுத்து, அவற்றிலேயே உண்டு உறங்கி, ஊர் ஊராகப் போய் வாசித்தார்கள். பிற்காலத்தில் அவருடைய பயணங்கள் பெரும்பாலும் ஹாரி கார்னியின் காரில். 1927இல் குழுவில் சேர்ந்து, எலிங்டன் 1974இல் இறக்கும்வரை பிரியாத பாரிட்டோன் சாக்ஸபோன் கலைஞர் கார்னி. கச்சேரி முடிந்ததும் கார்னி வண்டி ஓட்டுவார், பக்கத்து இருக்கையில் எலிங்டன். அடுத்த ஊர், அடுத்த மேடை. நீங்கள் மறுத்த ஆண்டிலும் அந்த மனிதர் அப்படித்தான் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்.

ஏன் அந்த வயதில் இத்தனை அலைச்சல்? என்னைப் போல் நொட்டேஷன் எழுதிப் பிழைப்பவர்களுக்கு அந்தக் காரணம் நெஞ்சைத் தொடும். குழுவைக் கலைக்காமல் வைத்திருக்க அவர் தன் பாடல்களின் உரிமைத் தொகையையே செலவழித்தார். எழுதியதை உடனே அந்தக் கலைஞர்கள் வாசித்துக் கேட்க வேண்டும், அதுதான் அவர் கேட்ட கூலி. வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய நொட்டேஷன் தாள்களில், 'இரண்டாம் டிரம்பெட்', 'மூன்றாம் சாக்ஸபோன்' என்று எழுத வேண்டிய இடங்களில் ஆட்களின் பெயர்கள் இருக்கின்றன. குழுவின் சாக்ஸபோன் கலைஞர் ஜானி ஹாட்ஜஸுக்கு உரிய தாளில் 'ராப்' என்ற அவருடைய செல்லப்பெயர். அவர் எழுதியது கருவிக்காக அல்ல, அதை வாசிக்கும் ஆளுக்காக. இன்ன சுரம் இன்னாருடைய மூச்சில்தான் நிற்கும் என்பதைத் தெரிந்து எழுதினார்.

1930இல் அவர் செய்த 'மூட் இண்டிகோ'வை என் பிள்ளைகளுக்கு நான் முதல் பாடமாகவே வைக்கிறேன். வழக்கமாக கிளாரினெட் மேலே, டிரம்பெட் நடுவில், டிராம்போன் கீழே இருக்கும். எலிங்டன் அதைப் புரட்டிப் போட்டார். ஒலியை அடக்கும் அடைப்பு வைத்த டிரம்பெட் மேலே. அதற்கு ஒட்டினாற்போல் கீழே, தன் உச்ச ஸ்தாயியில் நெருக்கடியோடு டிராம்போன், அதற்கும் அடைப்பு. அவற்றுக்கு வெகு கீழே, மரவாசனை வீசும் அடிக்குரலில் கிளாரினெட். மூன்றும் சேரும்போது எந்தக் கருவியுடையதும் அல்லாத நான்காவது குரல் ஒன்று கேட்கும். முதல் முறை கேட்கும் பிள்ளைகள் இது என்ன கருவி என்று கேட்காமல் இருந்ததில்லை. மூன்று கருவிகளை வைத்து இதைச் செய்தவருக்கு, 35 ஆண்டுகள் கழித்தும் உங்கள் மேசையில் இடமில்லை.

இதில் இன்னொன்றும் உறுத்துகிறது. 1963இல் உங்கள் நாட்டு வெளியுறவுத் துறையே அவரை இசைத் தூதராக அனுப்பியது. டமாஸ்கஸ், காபூல், டெல்லி, கொழும்பு, எங்கள் மதராஸ் என்று அவர் குழு வந்து வாசித்தது. அங்காராவில் இருந்தபோது கென்னடி கொல்லப்பட்ட செய்தி வந்ததும் பயணம் நிறுத்தப்பட்டது. அமெரிக்க இசை என்றால் இதுதான் என்று எங்களுக்கு அவரைக் காட்டிய நாடு, இரண்டே ஆண்டுகளில் தன் இசைப் பரிசுக்கு அவர் பொருந்தமாட்டார் என்றது. அதே 1965 செப்டம்பரில், சான் பிரான்சிஸ்கோவின் கிரேஸ் பேராலயத்தில் தன் முதல் புனித இசைக் கச்சேரியை நடத்தி, கடவுளிடம் போய் வாசித்தார் எலிங்டன்.

1999இல், அவருடைய நூற்றாண்டில், சிறப்பு விருது கொடுத்துவிட்டோம் என்று நீங்கள் சொல்லலாம். கொடுத்தீர்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர் இறந்து 25 ஆண்டுகள் ஆகிவிட்டன. அதைக் கையில் வாங்க அவரும் இல்லை, பார்த்து மகிழக் கார்னியும் இல்லை, ஹாட்ஜஸும் இல்லை. ஸ்காட் ஜாப்ளினுக்கு 1976இல், கெர்ஷ்வினுக்கு 1998இல், மாங்குக்கு 2006இல், கோல்ட்ரேனுக்கு 2007இல் என்று சிறப்பு விருதுகள் கல்லறைக்கே போயிருக்கின்றன. எங்கள் ஊரிலும் இந்த நோய் உண்டு. உயிரோடு இருக்கும் நாதஸ்வரக் கலைஞரின் வாடகைக்கு ஆளிருக்காது, அவர் போன மறுநாள் இரங்கல் கூட்டத்தில் மாலைகள் குவியும். இந்த நோயைக் கண்டு எனக்குச் சலித்துவிட்டது.

மன்னியுங்கள், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். நான் கேட்பது புதிய விருது அல்ல. உங்கள் நடுவர்கள் அன்றே சொன்ன பெயரை, அன்றைய ஆண்டின் வரியில், இன்று எழுதுங்கள். 2022இல் இசை எழுத்தாளர் டெட் கியோயா முன்வைத்த மனுவில் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டுக் கேட்டதும் இதைத்தான். அதே ஆண்டில் ஒலிம்பிக் குழு, 1912இல் அமெரிக்கத் தடகள வீரர் ஜிம் தோர்ப் வென்ற தங்கப் பதக்கங்களுக்கு அவரே தனி வெற்றியாளர் என்று தன் ஏட்டைத் திருத்திக்கொண்டது. 110 ஆண்டுகளுக்குப் பிறகு அவர்களால் முடிந்திருக்கிறது. பரிசுக்குரிய இசை எது என்ற விதியை 2004இல் நீங்களே விரிவாக்கியிருக்கிறீர்கள். 2018இல் கென்ட்ரிக் லாமரின் ராப் இசைக்குப் பரிசு தந்து, அந்த விதிக்கு உயிரும் கொடுத்திருக்கிறீர்கள். ஆகவே உங்களால் முடியாது என்று நான் நம்பவில்லை.

உங்கள் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேசும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். 1965, இசை, டியூக் எலிங்டன். அந்த வரி மாறும் நாளில், என் வீட்டுக்குப் பாடம் படிக்க வரும் அந்தப் பையனிடம் பட்டியலை மறுபடியும் நீட்டுவேன்.

இப்படிக்கு,
மெல்லிசைக் குழுவுக்கு நொட்டேஷன் எழுதும் ஒருவன்,
சென்னை