அப்பா ரிப்போர்ட்டில் இருக்கும் இரண்டு எண்கள்

அன்புள்ள கண்ணா,

நேற்று போனில் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதனால் சரியாகப் பேச முடியவில்லை. "ரெண்டுன்னா முத்திப்போச்சாம்மா?" என்று கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அப்பாவின் கல்லீரலில் ஊசியால் துண்டு எடுத்துப் பார்த்த பயாப்ஸி தாளில் 'ஏ2, எஃப்1' என்று இருப்பது ஒரே நோய்க்குப் போட்ட இரண்டு கணக்கு. 'ஏ' இன்று இருக்கும் அழற்சி. 0 முதல் 3 வரை. 'எஃப்' இதுவரை விழுந்த தழும்பு. 0 முதல் 4 வரை, 4 என்றால் சிரோசிஸ், அதாவது கல்லீரல் முழுக்கத் தழும்பேறி இறுகிப்போன நிலை. அப்பாவுக்கு அடுப்பு கொஞ்சம் வேகமாக எரிகிறது. பாத்திரம் இன்னும் அவ்வளவாக அடிப்பிடிக்கவில்லை. தீயைத் தணிக்க மாத்திரை இருக்கிறது.

லேபில் எத்தனை வருஷம் இந்தத் துண்டுகளைச் சீவியிருக்கிறேன்! மேசன் ட்ரைக்ரோம் சாயம் ஏற்றினால் தழும்பு மட்டும் நீலமாக எழுந்து வரும். அப்பாவின் ஸ்லைடில் அந்த நீலம் ஓரங்களில்தான் இருந்தது. கேட்டு வாங்கிப் பார்த்தேன், அவரிடம் சொல்லாதே. ஊசியில் வரும் துண்டு மொத்தக் கல்லீரலில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான். அதை மட்டும் நம்பவேண்டாம் என்றுதான் டாக்டர் கல்லீரலின் இறுக்கத்தை வெளியிலிருந்தே அளக்கும் ஃபைப்ரோஸ்கேனும் எடுத்தார்.

உன் பயம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். பெரியப்பாவுக்கு 1990இல் 'க்ரானிக் பெர்சிஸ்டன்ட் ஹெபடைடிஸ்', அதாவது நாள்பட்ட கல்லீரல் அழற்சியில் ஒரு வகை என்று எழுதிக் கொடுத்தார்கள். சாதுவான வகை, ஒன்றும் செய்யாது என்றார்கள். நாமும் நம்பினோம், வயிற்றில் நீர் கோக்கும் வரை. சாதுவானது 'பெர்சிஸ்டன்ட்', மோசமானது 'அக்ரெசிவ்' (பிறகு 'ஆக்டிவ்' என்றார்கள்) என்ற அந்தப் பிரிவினை 1968இல் வந்தது. 1994இல் அதைக் கைவிட்டு, முதலில் காரணத்தை எழுது, பிறகு அழற்சி எவ்வளவு, தழும்பு எவ்வளவு என்று எழுது என்றார்கள். அப்படிச் சொன்னவர்களில் முக்கியமானவர் பெல்ஜியத்து நோயியல் மருத்துவர் டெஸ்மெட். 1968 குழுவிலும் இருந்தவர் அவர். தாங்கள் வைத்த பெயரைத் தானே முன்நின்று எடுத்த மனிதர்மேல் எனக்குத் தனி மரியாதை.

அப்பாவுக்குக் காரணம் ஹெபடைடிஸ் பி வைரஸ். ஆறு மாதம் கழித்தும் ரத்தத்தில் இருந்ததால் 'நாள்பட்டது' என்கிறார்கள். ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று தெரிய அதன் டி.என்.ஏ. அளவும் பார்க்கக் கொடுத்திருக்கிறோம்.

இனி உன் விஷயம். நீ பிறந்தபோது ஹெபடைடிஸ் பி தடுப்பூசி உனக்குப் போடவில்லை. இந்த வாரமே ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. பார், இந்த வைரஸ் உடம்பில் இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அது. இல்லை என்று வந்தால் தடுப்பூசி மூன்று டோஸும் போட்டுக்கொள். ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பு. "நெகட்டிவ்மா" என்று வாயால் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அம்மா