இங்கிலாந்தின் க்ரூவிலிருந்து அத்தைக்கு

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலம். குளிர்தான் இன்னும் பழகவில்லை. மே மாதம் பாதி போயும் ஸ்வெட்டரைக் கழற்ற முடியவில்லை. நீங்கள் அனுப்பிய பருப்புப்பொடி வந்து சேர்ந்தது. கூட வேலை பார்க்கும் நர்ஸுக்கு ஒரு ஸ்பூன் கொடுத்தது தப்பாகிவிட்டது, தினமும் கேட்கிறாள்.

போன தடவை போனில் கேட்டீர்களே, "அங்கேயும் பொம்பளைங்க அப்பன் பேரு, புருஷன் பேரைச் சொல்லித்தான் அரசியலுக்கு வர்றாங்களா?" என்று. டியூட்டிக்கு நேரமாச்சு என்று நழுவிவிட்டேன். பதில் இந்த ஊரிலேயே கிடைத்தது.

வீட்டுக்கு இன்னொரு சாவி வேண்டியிருந்தது. டிம்ப்சன் என்று ஒரு கடை. சாவி வெட்டுவார்கள், செருப்பும் தைப்பார்கள், நாடு முழுக்கக் கிளைகள். மெஷின் கீச்சிட்டுக்கொண்டிருந்தபோது அந்த நர்ஸ் சிரித்தாள்: "இந்தக் கடைக் குடும்பத்துப் பிள்ளைதான் 2008இல் இங்கே எம்.பி. ஆனார். யாரைத் தோற்கடித்தார் தெரியுமா?"

க்ரூ ரயில்வே ஊர், அதுவரை லேபர் கட்சி, அதாவது தொழிலாளர் கட்சியின் கோட்டை. 1974 முதல் சாகும்வரை க்வினெத் டன்வுடி என்ற அம்மாள்தான் இங்கே எம்.பி. அவர் அப்பா மார்கன் பிலிப்ஸ், லேபர் கட்சியின் பொதுச் செயலாளர். அம்மா பாராளுமன்ற மேல்சபையான பிரபுக்கள் சபையில் உறுப்பினர். 1966 தேர்தலில் இவரும் கணவரும் வேறு வேறு தொகுதிகளில் ஒன்றாக ஜெயித்தவர்கள். வாசல் திறந்தே இருந்தது, சரி. ஆனால் உள்ளே போனபின் அம்மாள் யாருக்கும் அடங்கவில்லை. பாராளுமன்றப் போக்குவரத்துக் குழுத் தலைவராக இருந்து சொந்தக் கட்சி அரசையே குடைந்தார். 2001இல் கட்சி மேலிடம் அவரைக் குழுவிலிருந்து தூக்கப் பார்த்தது, எம்.பி.க்கள் ஓட்டுப் போட்டுத் திரும்ப உட்கார வைத்தார்கள்.

2008 ஏப்ரலில் அவர் இறந்ததும் இடைத்தேர்தல். மகள் டாம்சினை நிறுத்தினார்கள். எதிரே அந்தச் சாவிக்கடைக் குடும்பத்து டிம்ப்சன். அவரைப் பணக்கார வீட்டுப் பிள்ளை என்று கேலி செய்ய, உயரத் தொப்பியும் நீளக் கோட்டுமாக ஆட்களைத் தெருவில் இறக்கிவிட்டது லேபர். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா எல்லாரும் அரசியலில் இருந்த பெண்ணை நிறுத்திவிட்டு எதிராளியின் குடும்பத்தைச் சொல்லிச் சிரித்தால்? ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை. 7,860 ஓட்டில் தோற்றார் டாம்சின்.

பழைய கதையும் கேளுங்கள். பாராளுமன்றத்தில் முதலில் உட்கார்ந்த மூன்று பெண்களும் கணவரின் தொகுதியில்தான் ஜெயித்தார்கள். 1921இல் லவுத் தொகுதியில் நின்ற மார்கரெட் விண்ட்ரிங்காம் அப்போதுதான் கணவரை இழந்தவர். துக்கம் காத்து, பிரசாரத்தில் ஒரு கூட்டத்திலும் வாய் திறக்கவில்லை. ஜெயித்துவிட்டார்! பேசாமல் ஜெயித்த வேட்பாளர் நம் பக்கம் கிடையாது.

அவருக்கு முன்னால், 1919இல் வந்தவர் நான்சி ஆஸ்டர். மாமனார் செத்துப் பட்டம் கணவருக்கு வந்ததால் அவர் பிரபுக்கள் சபைக்குப் போக வேண்டியதாயிற்று. காலியான தொகுதியில் இவர் நின்றார். 1945 வரை நகரவில்லை. பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு மது விற்கக் கூடாது என்று 1923இல் சட்டம் கொண்டுவந்தது இவர்தான். டாஸ்மாக்கைப் பள்ளிக்கூடத்துப் பக்கத்திலிருந்து மாற்றச் சொல்லி மனு எழுதினீர்களே, அந்த ஞாபகம்தான் எனக்கு வந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது கர்சன் மகள் கதை. ஆமாம், வங்காளத்தைப் பிரித்த அதே கர்சன். பெண்களுக்கு ஓட்டே கூடாது என்ற சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். அவருடைய இரண்டாவது மகள் சிந்தியா 1929இல், அதுவும் லேபர் கட்சியில், ஸ்டோக்கில் ஜெயித்தார். இங்கிருந்து ரயிலில் அரை மணிகூட ஆகாது. அதைப் பார்க்க அப்பா உயிரோடில்லை.

அப்புறம், ரோடு பூஜை போட்டோ பார்த்தேன். வார்டு பெண்களுக்கு என்று ஆனபின் ஜெயித்தது நீங்கள். மண்வெட்டி மாமா கையில், தாம்பாளம் உங்கள் கையில். அடுத்த பூஜையில் இரண்டையும் மாற்றிப் பிடித்து ஒரு போட்டோ அனுப்புங்கள். நான் சொன்னேன் என்று மாமாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்