சீனுவை ஏன் யாருக்கும் கொடுக்கவில்லை

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ போனை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். நம் நாய் சீனுவை ஊசி போட்டு அனுப்பிவிட்டோம் என்றதும் கடைசியாக நீ கேட்டது ஒன்றுதான்: "யாருக்காவது கொடுத்திருக்கலாமே, அண்ணா?"

இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர் வீட்டில் தவழும் குழந்தை. நடந்ததைச் சொன்னதும் பேச்சை நிறுத்திக்கொண்டார். இன்னொருவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "காவலுக்கு அந்த மாதிரி நாய்தான் வேணும்" என்றார். காலமெல்லாம் சங்கிலியில் கிடந்து, அவிழ்ந்த அன்று முன்பின் தெரியாத யாரையோ குதறுவான். அதற்குத்தான் கொடுத்திருக்க வேண்டுமா?

அம்மா கையில் தையல் என்று மட்டும்தான் உன்னிடம் சொன்னோம். கடித்துவிட்டு விடவில்லை, பிடித்து உலுக்கினான். இயன் டன்பார் என்ற கால்நடை மருத்துவர் நாய்க்கடியை 6 நிலைகளாகப் பிரித்திருக்கிறார். பல் படாமல் பாய்வது 1. ஆள் செத்துப்போவது 6. கோரைப்பல் பாதிக்கு மேல் இறங்குவது 4. அம்மாவுக்கு நடந்தது அதுதான். அடுத்த கடி இதைவிடக் குறைவாக இருக்கும் என்று எங்கள் டாக்டரால் சொல்ல முடியவில்லை.

வலியால் கடிக்கிறானோ என்று காது, பல், இடுப்பு எக்ஸ்ரே, தைராய்டு எல்லாம் பார்த்தாயிற்று. பதற்றத்தைக் குறைக்கும் ஃப்ளூஆக்சிடின் மருந்து வேலை செய்யவே பல வாரம் ஆகும் என்றார்கள், மாதக்கணக்கில் கொடுத்தோம். வாய்க்கூடு போட்டுப் பழக்கினோம். ஆனால் சாப்பிட, தூங்க அதைக் கழற்றித்தானே ஆக வேண்டும்?

என் தப்பும் இதில் இருக்கிறது. குட்டியில் அவன் உறுமும்போதெல்லாம் நான் அதட்டினேன். நீகூடத் தடுத்தாய். கிட்டே வராதே என்று சொல்ல அவனுக்கு இருந்தது அந்த உறுமல் ஒன்றுதான். அதை நான் அடக்கிவிட்டேன். அப்புறம் சத்தமே இல்லாமல் கடிக்கப் பழகிவிட்டான்.

ரேபிஸ் இல்லை என்று உறுதியாகும்வரை, கடித்த நாயை 10 நாள் வைத்துப் பார்க்க வேண்டுமாம். அந்தப் பத்து நாளும் அவன் நம் பழைய சீனுதான். கம்பிக்கு அந்தப் பக்கம் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டினான். பாவி, ஒரு தடவையாவது சீறியிருக்கலாம். இரண்டு முறை டாக்டரைக் கூப்பிட்டு, ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டேன்.

முதலில் மயக்க ஊசி. அவன் தளர்ந்த பிறகுதான் வாய்க்கூட்டைக் கழற்றினேன். எத்தனையோ மாதம் கழித்து அவன் மூக்கில் பயமில்லாமல் கை வைத்தேன். அடுத்து நரம்பில் இரண்டாவது ஊசி. கண் மூடாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மூடவில்லை.

என்மேல் இருக்கும் கோபம் இருக்கட்டும், அம்மாவிடம் பேசு. கையைப் பற்றி மட்டும் கேட்காதே. "தூங்கிட்டிருந்தவனை நான்தான்டி தெரியாம மிதிச்சிட்டேன்" என்பாள். அவள் மிதிக்கவில்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

உன் அண்ணன்