பழைய பெயரைப் பார்க்காதீர்கள், இந்த ஆண்டின் ஆட்டத்தைப் பாருங்கள்: பிளேஆஃப் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பிப்ரவரி 2025

கல்லூரி ஃபுட்பால் பிளேஆஃப் தேர்வுக் குழுவின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். முதலில் என் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். தேசிய சாம்பியன் பட்டத்துக்கான பிளேஆஃபில் ஆட டிசம்பர் 8 அன்று நீங்கள் அறிவித்த 12 அணிகளில் எங்கள் இண்டியானா பல்கலைக்கழக அணியின் பெயரும் இருந்தது. அன்று புளூமிங்டனில் எங்கள் வீட்டுக் கூடத்தில் எழுந்த சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். நான் இந்த ஊரில் படித்து, இங்கேயே தங்கிவிட்டவன். என்னோடு சேர்ந்து ஆட்டம் பார்க்கும் தமிழ் நண்பர்களில் பலர் கையில் பந்தை ஏந்தி ஓடும் இந்த அமெரிக்க ஃபுட்பாலின் விதிகளையே இந்த சீசனில்தான் கற்றுக்கொண்டார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன்.

அந்த மகிழ்ச்சி 12 நாள்தான் நீடித்தது. டிசம்பர் 20 அன்று முதல் சுற்றில், நோட்டர் டேமின் களமான சவுத் பெண்டில் அந்த அணியிடம் 27-17 என்று தோற்றோம். ஆட்டம் முடிவதற்குள்ளேயே, 'இந்த அணியை ஏன் உள்ளே விட்டார்கள்?' என்று தொலைக்காட்சியிலும் இணையத்திலும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். சீசனை 9-3 (9 வெற்றி, 3 தோல்வி) என்று முடித்த, பெரிய பெயர் பெற்ற அலபாமாவை வெளியே நிறுத்தியது தவறு என்றார்கள். அதற்கப்புறம் இரண்டு மாதமாக, தேர்வு முறையை மாற்ற வேண்டும் என்ற பேச்சு நடந்துகொண்டே இருக்கிறது. அந்தச் சத்தத்துக்கு நீங்கள் இணங்கிவிடக் கூடாது என்று கேட்கவே இந்த மடல்.

எங்கள் அணி எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். பெரிய கல்லூரி அணிகளில் 2024 சீசன் வரை எங்களை விட அதிக ஆட்டங்களில் தோற்ற அணி வரலாற்றிலேயே கிடையாது. சீசன் முடிவில் நடக்கும் 'பவுல்' எனும் சிறப்பு ஆட்டங்களில் புகழ்பெற்ற ரோஸ் பவுலில் அதுவரை ஆடியது ஒரே ஒருமுறை, 1967 சீசன் முடிந்தபோது. அதற்குமுன் கடைசியாக ஒரு பவுல் ஆட்டத்தில் வென்றது 1991-ல். 2021, 2022, 2023 மூன்று ஆண்டுகளையும் சேர்த்தால் எங்களுக்குக் கிடைத்தவை 9 வெற்றிகள். இது கூடைப்பந்து ஊர். எங்கள் கூடைப்பந்து அரங்கான அசெம்பிளி ஹாலில் தொங்கும் ஐந்து சாம்பியன் பதாகைகளைக் காட்டித்தான் விருந்தாளிகளிடம் பெருமை பேசுவோம். ஃபுட்பால் நாளில் மாணவர்கள் வாகன நிறுத்தத்தில் அடுப்பு மூட்டிச் சாப்பிட்டு, பாட்டுக் கேட்டு, பாதி ஆட்டத்தில் திரும்பிப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

2023 நவம்பர் கடைசியில் கர்ட் சிக்னெட்டி தலைமைப் பயிற்சியாளராக வந்தார். அப்போது அவருக்கு வயது 62. புகழ்பெற்ற பயிற்சியாளர் நிக் சேபனின் அலபாமா அணியில் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர், ஐம்பதை நெருங்கும் வயதில் அந்த வசதியான வேலையை விட்டு, சம்பளத்தையும் குறைத்துக்கொண்டு, பென்சில்வேனியாவில் இரண்டாம் பிரிவில் ஆடும் ஒரு சிறிய பல்கலைக்கழகத்துக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். அவருடைய அப்பா பயிற்சி கொடுத்த அதே இடம். அங்கிருந்து ஈலான் பல்கலைக்கழகம், அப்புறம் ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகம். எங்குமே ஒரு சீசனைக்கூட வெற்றிகளை விடத் தோல்விகள் அதிகமாக முடித்ததில்லை. இங்கே வந்த புதிதில் 'நான் ஜெயிப்பவன், கூகுளில் தேடிப் பாருங்கள்' என்று செய்தியாளர்களிடம் சொன்னார். அன்று எனக்கு அது பிடிக்கவில்லை. தேடிப் பார்த்த பிறகு பிடித்தது.

சீசனுக்கு முன், நாங்கள் ஆடும் பிக் டென் கான்ஃபரன்ஸின் (கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு) செய்தியாளர்கள் போட்ட கணிப்பில் 18 அணிகளில் எங்களுக்கு 17-வது இடம். ஜேம்ஸ் மேடிசனிலிருந்து 13 வீரர்கள் அவரோடு கிளம்பி வந்திருந்தார்கள். பெரிய கல்லூரிகள் பல கண்டுகொள்ளாத பையன்கள். கனடாக்காரரான கர்டிஸ் ரூர்க், பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக்காக வந்தார். ரோஸ் பவுல் மைதானத்திலேயே யுசிஎல்ஏவை 42-13 என்று வென்றபோது நம்பிக்கை லேசாகத் துளிர்த்தது. நெப்ராஸ்காவை 56-7 என்று சாய்த்த அக்டோபர் பிற்பகலில் எங்கள் மெமோரியல் ஸ்டேடியத்தில் ஓர் இடம்கூடக் காலியில்லை. பாதி ஆட்டத்தில் யாரும் எழுந்து போகவில்லை. என் பக்கத்தில் ஒரு பெரியவர், ஐம்பது வருஷமாக வருகிறாராம், ஸ்கோர் பலகையைப் பார்த்தபடியே பேசாமல் உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

ஒன்பதாவது ஆட்டம் வரை இந்த அணி ஒரு நிமிடம்கூடப் பின்தங்கியதில்லை. மிச்சிகன் ஸ்டேட்டில் முதன்முறையாக 10-0 என்று பின்தங்கினோம். அதன்பின் வரிசையாக 47 புள்ளிகள் எங்களுடையவை. மிச்சிகனை 20-15 என்று வென்று, 10 வெற்றி, தோல்வியே இல்லை என்று நின்றோம். பல்கலைக்கழக வரலாற்றில் ஒரே சீசனில் 10 வெற்றி அதுதான் முதல்முறை. கடைசியில் பர்டூவை 66-0 என்று வென்று 11-1 என முடித்தோம்.

ரூர்க்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சீசன் முடிந்து ஜனவரியில்தான் எங்களுக்கே தெரிந்தது: முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழிந்த நிலையிலேயே அவர் அந்த சீசன் முழுக்க ஆடியிருக்கிறார். நடுவில் பந்து எறியும் கையின் கட்டைவிரலிலும் காயம். தவறவிட்டது ஒரே ஒரு ஆட்டம். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுத்த டச்டவுன் பாஸ்கள் 29. அந்தக் காலோடு நோட்டர் டேமில் குளிரில் அடிமேல் அடி வாங்கி எழுந்து நின்ற பையனைத்தான், 'இந்த மேடைக்குத் தகுதியில்லாத அணி' என்று அன்றிரவு பேசினார்கள்.

சரி, எங்கள் பக்கத்துக் குறைகளையும் மறைக்காமல் சொல்கிறேன். கொலம்பஸில் ஓஹையோ ஸ்டேட்டிடம் 38-15 என்று தோற்றது நியாயமான தோல்வி. சவுத் பெண்டில் எங்கள் கடைசி இரண்டு டச்டவுன்களும் ஆட்டம் கைவிட்டுப் போன பிறகு வந்தவை. அதுவரை நாங்கள் எடுத்தது 3 புள்ளிகள்தான். கான்ஃபரன்ஸுக்கு வெளியே நாங்கள் சந்தித்த மூன்று அணிகளும் பலவீனமானவை. அது எங்கள் நிர்வாகம் திருத்த வேண்டிய விஷயம்.

ஆனால் அந்த இரண்டு தோல்விகளும் யாரிடம்? ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் இறுதிப் போட்டியில் மோதியவர்கள் அதே ஓஹையோ ஸ்டேட்டும் நோட்டர் டேமும்தான். முதல் சுற்றில் வெளியேறிய நான்கு அணிகளில் மிகக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றது இண்டியானா. அலபாமாவும் ஆடும் எஸ்இசி கான்ஃபரன்ஸின் டென்னசி 42-17 என்று தோற்றது. அந்த அணிக்குத் தகுதியில்லை என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த சுற்றில் எஸ்இசி சாம்பியனான ஜார்ஜியாவை நோட்டர் டேம் 23-10 என்று வென்றது. எங்களை வென்றதை விட அதிக வித்தியாசம் அது. வெளியே நிறுத்தப்பட்ட அலபாமாவோ டிசம்பர் 31 அன்று மிச்சிகனிடம் 19-13 என்று தோற்றது. நாங்கள் நவம்பரில் வென்ற அதே மிச்சிகன்தான். அலபாமா வாண்டர்பில்ட்டிடமும் தோற்றிருந்தது, ஓக்லஹோமாவிடம் 24-3 என்றும் தோற்றிருந்தது. இவையெல்லாம் நீங்கள் டிசம்பர் 8 அன்று எடுத்த முடிவு சரி என்று காட்டுகின்றன.

எங்கள் கான்ஃபரன்ஸ் ஆட்டங்களும் எளிதானவை என்கிறார்கள். அந்த அட்டவணையை எழுதியது பிக் டென், இண்டியானா அல்ல. அதில் மிச்சிகனும் வாஷிங்டனும் இருந்தன. 2024 ஜனவரியில் தேசிய சாம்பியன் பட்டத்துக்காக மோதிய இரண்டு அணிகள். இரண்டையும் நாங்கள் வென்றோம். பத்து மாதத்தில் அவை அவ்வளவு சரியும் என்று யார் கண்டார்கள்?

இதை நீங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இன்று கல்லூரி அணிகள் வீரர்கள் கல்லூரி மாற வழிசெய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக ஒரே குளிர்காலத்தில் பாதி ஆளை மாற்றிக்கொள்கின்றன. பயிற்சியாளர் மாறினால் வீரர்களும் மாறுகிறார்கள். இந்த ஏற்பாட்டில் எனக்கும் வருத்தங்கள் உண்டு. சிறிய கல்லூரிகள் வளர்த்த வீரர்களைப் பெரியவர்கள் அள்ளிக்கொண்டு போகிறார்கள். எங்கள் 13 பேரை இழந்த ஜேம்ஸ் மேடிசன் ரசிகர்களின் வலியும் எனக்குப் புரிகிறது. ஆனால் இதன் விளைவு ஒன்று உங்கள் வேலையை நேராகத் தொடுகிறது. ஓர் அணியின் பழைய பெயர் அதன் இன்றைய பலத்தைப் பற்றி முன்பைப் போல எதையும் சொல்வதில்லை. மோசமான பெயரும் அப்படித்தான். 2023-ல் 3-9 என்றிருந்த இண்டியானா வேறு அணி, 11-1 என்று வந்த இண்டியானா வேறு அணி.

அதனால் உங்களிடம் நான் கேட்பது இதுதான். பட்டியல் போட உட்காரும்போது சட்டையின் நிறத்தை மறந்துவிட்டு, அந்த ஆண்டு களத்தில் நடந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எதிராளியின் பலத்தைக் கணக்கில் எடுங்கள், தவறில்லை. ஆனால் தோற்ற ஆட்டங்களைக்கூடப் 'பெரிய இடத்தில் தோற்றது' என்று பாராட்டிவிட்டு, வென்ற ஆட்டங்களைச் 'சின்ன இடத்தில் வென்றது' என்று தள்ளிவிடாதீர்கள். வருங்காலத்தில் இன்னின்ன கான்ஃபரன்ஸுக்கு இத்தனை இடம் என்று முன்கூட்டியே ஒதுக்கும் யோசனை அடிபடுகிறது. அந்த முடிவு உங்கள் கையில் இல்லை, கான்ஃபரன்ஸ்களை நடத்தும் கமிஷனர்கள் கையில் இருக்கிறது என்பது தெரியும். எங்கள் பிக் டென்னுக்கு அதில் லாபம்தான். இருந்தாலும் எனக்கு அது வேண்டாம். செப்டம்பரில் யாரும் மதிக்காத ஓர் அணிக்கு டிசம்பரில் உங்கள் அறையில் நியாயம் கிடைக்கும் என்ற வழி திறந்திருந்ததால்தான் எங்களுக்கு இந்த சீசன் கிடைத்தது. அடுத்த ஆண்டு அந்த வழி வேறொரு ஊருக்குத் தேவைப்படலாம்.

வரும் 2025 சீசனில் நாங்கள் ஓரிகானுக்கும் பென் ஸ்டேட்டுக்கும் போய் ஆட வேண்டியிருக்கிறது. ரூர்க் இருக்க மாட்டார், புதிய குவாட்டர்பேக் வருவார். அந்த ஆட்டங்களைப் பாருங்கள். நாங்கள் தோற்றுக்கொண்டே போனால் தயங்காமல் வெளியே வையுங்கள், நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

அன்புடனும் மரியாதையுடனும்,
புளூமிங்டனிலிருந்து ஒரு ரசிகன்