காசிமேடு பகுதி பிளஸ் டூ பிள்ளைகள் கல்லூரி தேர்வு செய்ய உதவி மையம் கேட்டு மீண்டும் ஒரு மனு

அனுப்புநர்:
காசிமேடு, ராயபுரம் பகுதிப் பெற்றோர்கள் சார்பாக,
அரசுப் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்,
சென்னை – 600 013.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
சென்னை மாவட்டம்.

பொருள்: பிளஸ் டூ முடிக்கும் மாணவ மாணவியர் கல்லூரி தேர்வு செய்ய எங்கள் பகுதியிலேயே உதவி மையம் அமைத்துத் தரக் கோருதல் – முன்பு கொடுத்த மனுக்களுக்குப் பதில் வராதது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். இதே விஷயமாக நாங்கள் ஏற்கெனவே துறை அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். முத்திரை குத்தி ரசீது தந்தார்கள். அப்புறம் மனு உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. அந்த உரிய அலுவலர் யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியவில்லை. ஆகவே தங்களிடமே வந்திருக்கிறோம். தங்கள் அலுவலகம் ராஜாஜி சாலையில்தான் இருக்கிறது. கல்மண்டபமும் காசிமேடும் எப்படிப்பட்ட இடம் என்று நான் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 2020-லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் முதலிய படிப்புகளில் 2021-லும் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது. பிள்ளைகளுக்கு வேலைத்திறன் பயிற்சியும் வழிகாட்டலும் தரும் நான் முதல்வன் திட்டம் வந்தது. கல்லூரி போகும் பெண் பிள்ளைகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தை 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கி வைத்ததே எங்கள் பக்கத்து பாரதி மகளிர் கல்லூரியில்தான். உயர்கல்விக்கு வழிகாட்டும் கல்லூரிக் கனவு நிகழ்ச்சிக்கும் எங்கள் பிள்ளைகள் போய் வந்தார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து கவுன்சிலிங் முடியும்வரை ஒரு சந்தேகம் என்றால் யாரிடம் போய்க் கேட்பது? அதற்கு ஆள் இல்லை. எங்கள் குறைகள் இவை:

1. என்னென்ன கல்லூரி இருக்கிறது என்பதே பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. சர் தியாகராயா கல்லூரி என்று மெட்ரோ ஸ்டேஷனுக்கே பெயர் இருக்கிறது. அந்தக் கல்லூரிக்குள் போய்ப் பார்த்த பிள்ளை எங்கள் தெருவில் இல்லை. வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரிக்கும் ஆர்.கே. நகர் அரசு கலைக் கல்லூரிக்கும் ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம் என்பது தெரியாது. மீன்பிடிக்கிற குடும்பத்துப் பிள்ளைக்குப் பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருப்பதும், அதற்கு விண்ணப்பம் தனி என்பதும் தெரியாது. ஹைகோர்ட் வளாகத்தில் இருந்த சட்டக் கல்லூரி 2018-லேயே பட்டறைபெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் போய்விட்டது. அது இன்னும் பாரிமுனையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும் பெற்றோர் உண்டு.

2. விண்ணப்பம் போடுவதெல்லாம் பிரவுசிங் சென்டரில். அந்தக் கடைக்காரர் தன் கைப்பேசி எண்ணையே கொடுத்துப் பதிவு செய்துவிடுகிறார். ஓடிபி அவருக்குப் போகிறது, கடவுச்சொல்லும் அவரிடம். பொறியியல் கவுன்சிலிங்கில் ஒதுக்கீடு வந்தால் ஏற்றுக்கொள்கிறோமா, மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கிறோமா என்று இரண்டு நாளுக்குள் சொல்ல வேண்டும். அன்றைக்குக் கடை பூட்டியிருந்தால் என்ன செய்வது? பெயர் ஒன்றுபோல இருக்கும் கல்லூரிகள் எத்தனையோ, குறியீட்டு எண்தான் வேறு. நாம் எழுதிய வரிசைப்படிதான் இடம் கிடைக்கும் என்பதைக்கூடச் சொல்லாமல், கடைக்காரர் தனக்குத் தெரிந்த கல்லூரிகளை மேலே போட்டு முடித்துவிடுகிறார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவர் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்.

3. எங்களை மிகவும் வதைப்பது இதுதான், தயவுசெய்து முழுவதும் படிக்க வேண்டுகிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் கிடக்கும், வீட்டில் வருமானம் இருக்காது. பிளஸ் டூ ரிசல்ட் வருவது அதே மே மாதத்தில். சரியாக அந்த நேரம் பார்த்துப் பள்ளி வாசலில் புரோக்கர் வந்து நிற்கிறார். கையில் கலர் நோட்டீஸ். “கவுன்சிலிங் வரைக்கும் காத்திருந்தால் சீட் போய்விடும், இப்பவே புக் பண்ணுங்க” என்கிறார். வேன் வைத்து ஊருக்கு வெளியே இருக்கும் கல்லூரிக்குக் கூட்டிப்போய், சாப்பாடு போட்டு, ஏசி அறையில் உட்கார வைத்து, டிசியையும் மார்க் ஷீட்டையும் வாங்கிக்கொள்கிறார்கள். முன்பணத்துக்கு அப்பா வட்டிக்கு வாங்குகிறார்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள். பொறியியல் கட்ஆஃப் 200-க்கு 160-க்கு மேல். கவுன்சிலிங்கில் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் போயிருந்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் எல்லாம் அரசே கட்டியிருக்கும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்ததால் அதில் ஒரு ரூபாய் கிடையாது. முதல் பட்டதாரி சலுகையும் கிடையாது. அவள் வீட்டில் அவளுக்கு முன்னால் கல்லூரி வாசலை மிதித்தவர் யாரும் இல்லை அம்மா. பள்ளி ஆசிரியை கேள்விப்பட்டுச் சொன்ன பிறகு சான்றிதழைத் திரும்பக் கேட்டார்கள். முதல் வருடப் பணம் முழுவதும் கட்டிவிட்டு வாங்கிப் போ என்றது அந்த நிர்வாகம். அசல் சான்றிதழை வைத்துக்கொள்ளக் கூடாது என்று கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் யுஜிசியும் ஏஐசிடிஇயும் சொல்லியிருக்கின்றனவாம். அந்தக் கல்லூரி வாசலில் நின்று அதைச் சொல்ல ஒரு மீனவருக்கு யார் துணை? இரண்டு மாதம் வருமானமில்லாத மனிதர் வட்டிக்கும் கட்டணத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். அரசு இலவசமாகத் தருகிற படிப்புக்கு அவர் கடன்காரர் ஆகியிருக்கிறார். இது என்ன நியாயம்? ஒதுக்கீடு இருக்கிறது என்று பேப்பரில் போட்டால் போதுமா? அதை அந்த வீட்டுக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா?

4. அரசு உதவி பெறும் தனியார் பள்ளிகள் எங்கள் பக்கத்தில் நிறைய. அங்கே படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு கிடையாது, தமிழ்வழியில் படித்திருந்தால் மாதம் ஆயிரம் ரூபாய் உண்டு. இந்த இரண்டையும் எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள், சொல்லித்தர வேண்டியவர்கள் உட்பட.

5. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரி சான்று எல்லாவற்றுக்கும் கடைசி வாரத்தில்தான் ஓடுகிறோம். முன்கூட்டியே சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

நாங்கள் கேட்பது பெரிய கட்டடம் இல்லை. இந்தப் பகுதியில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் ஓர் அறை, இரண்டு கணினி, விஷயம் தெரிந்த இரண்டு பேர். ரிசல்ட் நாளிலிருந்து துணைக் கலந்தாய்வு முடியும்வரை அவர்கள் அங்கே இருக்க வேண்டும். பிள்ளையின் சொந்த எண்ணிலோ பெற்றோர் எண்ணிலோதான் பதிவு செய்ய வேண்டும். காலையில் எங்கள் பெண்கள் மீன் விற்கப் போய்விடுவார்கள், ஆகவே மாலை நேரத்தில் திறந்து வைத்தால்தான் பயன். பத்து மணிக்குத் திறந்து ஐந்து மணிக்குப் பூட்டுகிற மையம் எங்களுக்கு வேண்டாம். அப்புறம், பிளஸ் ஒன்னிலேயே பிள்ளைகளைப் பாரதி கல்லூரி, வியாசர்பாடி, பொன்னேரி, கிண்டி என்று கூட்டிப்போய்க் காட்டுங்கள். புரோக்கர் வேன் வைத்துக் கூட்டிப்போகிறார், அரசால் முடியாதா? மே மாதத்தில் பள்ளி வாசல்களில் புரோக்கர்கள் நிற்காமல் காவல்துறைக்கும் பள்ளிகளுக்கும் உத்தரவிடுங்கள். சான்றிதழைப் பிடித்து வைத்திருக்கும் கல்லூரி பற்றிப் புகார் வந்தால், அதைக் கேட்டு வாங்கித் தர ஓர் அலுவலரை, பெயரும் தொலைபேசி எண்ணும் சொல்லி, நியமியுங்கள். ‘உரிய அலுவலர்’ என்று மட்டும் மறுபடி எழுதி அனுப்பாதீர்கள்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம். என் மகள் இந்த வருடம் பிளஸ் டூ. எங்கள் தெருவில் அவளோடு படிக்கும் பிள்ளைகள் இன்னும் பலர். வரும் தடைக்காலம் தொடங்குவதற்கு முன்பு இந்த உதவி மையத்தை அமைத்துத் தருமாறும், இந்த மனுவுக்காவது எழுத்தில் பதில் தருமாறும் மிகவும் பணிந்து கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
காசிமேடு, ராயபுரம் பகுதிப் பெற்றோர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)

இணைப்பு: முந்தைய மனுக்களின் நகலும் ரசீதுகளும்.